மெஷினுக்குக் கட்டிய காப்பு

பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுவார்கள். மஞ்சள் தோய்த்த நூலில் வேப்பிலையைச் செருகிப் பூசாரி ஒருவர் கையில் கட்டிவிட்டால், எட்டாம் நாள் முளைப்பாரி ஊருணியில் கரைகிற வரைக்கும் அந்த ஆள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கூலி வேலைக்குப் போகக் கூடாது. சுமை தூக்கக் கூடாது. நேர்ந்துகொண்டவர்கள் மட்டும்தான் கட்டிக்கொள்வார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வேலையைப் பார்க்கலாம். நான் ஒரு வருசம்கூடக் கட்டிக்கொண்டது கிடையாது. எனக்கு அருப்புக்கோட்டையில் லோடு ஏற்றி இறக்குகிற வேலை. பங்குனி பிறந்தால் வத்தலும் மல்லியும் குடோன் குடோனாக வந்து குவியும். அந்த நேரத்தில் கையில் மஞ்சள் நூலைக் கட்டிக்கொண்டு உட்கார யாருக்கு முடியும்?

இந்த வருசம் என் மனைவி சங்கரம்மாள் மெஷினுக்குக் காப்புக் கட்ட வைத்துவிட்டாள்.

மெஷின் குதிரைவாலிக்கு உமி நீக்குகிற மெஷின். எங்கள் கரிசலில் மழையை நம்பி விதைப்பது அதுதான். ஒரு மழை ஏமாற்றினாலும் தாங்கி நிற்கும். ஆனால் உமியோடு அதைச் சோறாக்க முடியாது. உமி நீக்கித் தர எங்கள் பக்கத்தில் வசதி இல்லை. பாலவனத்தத்தில் இருந்து ஒரு வியாபாரி வருவார். களத்திலேயே உமியோடு அள்ளிக்கொண்டு போவார். அவர் வாயில் வந்ததுதான் விலை. அதே குதிரைவாலி பிறகு வெள்ளை வெளேரென்று பாக்கெட்டில் அடைபட்டு டவுன் கடைக்குப் போகும். அந்தப் பெட்டிகளை எத்தனையோ தரம் நானே முதுகில் சுமந்து இறக்கியிருக்கிறேன்.

சங்கரம்மாளும் அவளுடைய மகளிர் குழுப் பெண்களும் விருதுநகருக்கு நடையாய் நடந்து, சிறுதொழிலுக்கு அரசாங்கம் தருகிற மானியத்தோடு பேங்கில் லோனு வாங்கினார்கள். எங்கள் வீட்டை ஒட்டி ஆடு அடைத்த கொட்டகை இருந்தது. அதை இடித்துத் தகரம் போட்டு மெஷினை இறக்கினோம். ஆபீஸில் இருந்து வந்து, மெஷின் ஓடுவதைக் கண்ணால் பார்த்து, சரி என்று எழுதினால்தான் மானியம் கைக்கு வரும். மானியம் வந்தால் அது எங்களால் தாங்கக்கூடிய லோனு. வராவிட்டால் மெஷினை விற்றுத்தான் அடைக்க வேண்டும். தைமாசம் அறுத்த குதிரைவாலியை ஒரு பெண்ணும் வியாபாரிக்குப் போடவில்லை. எல்லார் வீட்டிலும் மூட்டை மூட்டையாக மெஷினை நம்பிக் கிடந்தது.

மெஷினுக்கு வேண்டிய கரண்டு லைன் வர இழுத்துக்கொண்டே போய், காப்புக் கட்டுகிற செவ்வாய்க்கிழமைதான் வந்தது. மோட்டார் வேலை பார்க்கிற யாக்கோபு லைனைக் கொடுத்து, தானியம் போடாமல் வெறுமனே ஒரு சுற்று ஓட்டிக் காட்டினான். பெண்கள் குலவை போட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டு, காப்புக் கட்டிக்கொண்டே தெருவில் வந்த பூசாரி சோணைமுத்து மாமா எட்டிப் பார்த்தார்.

"மாமா, அப்படியே நம்ம மெஷினுக்கும் ஒண்ணு கட்டி விட்டிருங்க" என்றாள் சங்கரம்மாள்.

"மெஷினுக்கா?"

"ஏன், அது மட்டும் இந்த ஊருல இல்லையா? இன்னைக்குத்தான் கண்ணு தொறந்துருக்கு. ஆத்தா காவல் இருக்கட்டும்."

"அது சரித்தா. கை எங்கன இருக்கு?"

பெண்கள் சிரித்த சிரிப்பில் அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மெஷினைச் சுற்றி வந்து பார்த்து, பெல்ட் ஓடுகிற பெரிய சக்கரத்தின் கம்பியையும் மெஷினின் காலையும் சேர்த்து நூலை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டி, திருநீறும் பூசிவிட்டார்.

"நாங்க புதுச் சாமான் வாங்குனா ஒரு ஜெபத்தப் பண்ணிட்டு ஓட்டுவோம்" என்றான் யாக்கோபு. "நீங்க என்னடான்னா ஓடவிடாமக் கட்டிப் போடுறீக."

அவன் மனைவி அற்புதமேரியும் குழுவில் ஒருத்தி. "பேசாம ஸ்குரூவ முடுக்குங்க" என்று அவனை அதட்டினாள். அவன் சொன்னதை யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழையும்போது சங்கரம்மாள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். மெஷினைப் பார்த்து எழுத வேண்டிய சுபத்ரா மேடம்தான் அந்தப் பக்கம். மேடம் பேசுவது எனக்கும் கேட்டது.

"நாளைக்குக் காலையில வாரேன்மா. ஓட்டிக் காட்டணும். தானியம் போட்டு ஓட்டணும், சரியா?"

"மேடம், பொங்கல் முடியவும் வரலாங்களா?"

"பொங்கல் தையிலயே முடிஞ்சிருச்சேம்மா."

"இது பங்குனிப் பொங்கல் மேடம். எங்க ஊரு அம்மனுக்கு."

"நல்லாக் கும்பிடுங்க. ஆனா இந்த வருசக் கணக்கு இந்த வாரத்தோட முடியுது. அதுக்குள்ள பாக்கலைன்னா உங்க ஃபைலு திரும்பிப் போயிரும். மறுபடி முதல்ல இருந்து வரணும். உங்களுக்காகத்தான் நாளைக்கு ஒதுக்கியிருக்கேன்."

போனை வைத்துவிட்டு சங்கரம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு ஷெட்டுப் பக்கம் பார்த்தாள். காப்புக் கட்டிய மெஷினை எப்படி ஓட்டுவது என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

வெளிச்சம் இருக்கும்போதே குழுப் பெண்கள் எல்லாரும் ஷெட்டில் கூடிவிட்டார்கள். யாக்கோபு சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மோட்டாரப் போட்டா ஒரே சுத்துல நூலு அந்துரும்கா" என்றான்.

"அந்தா அந்துட்டுப் போகுது" என்றாள் அனுசியா. குழுவிலேயே சின்ன வயசு, வாய்த் துடுக்கு. "மேடத்துக்கு என்ன தெரியவா போகுது?"

"மேடத்துக்குத் தெரியாதுடி. ஊருக்குத் தெரியும்ல?" என்றாள் சங்கரம்மாள். "நாளப்பின்ன ஒரு பெல்ட்டு தேஞ்சு அந்தாக்கூட, காப்ப அறுத்த மெஷினுன்னுதான் சொல்வாக. சுத்துப்பட்டுல ஒரு மூட்ட இந்த ஷெட்டுக்குள்ள வராது. மானியத்த வாங்கி வச்சுக்கிட்டு ஈ ஓட்டவா?"

"அப்ப விடுங்க. குமாரலிங்கபுரத்துல பெரிய ஜவுளிப் பார்க்கு வரப்போகுதாம்ல. அங்க கம்பெனி வேலைக்குப் போயிருவோம். அங்கன காப்பும் கிடையாது, கழுதையும் கிடையாது."

"அது வாரப்ப வரட்டும். வீட்டுல கெடக்குற மூட்டைய அங்க கொண்டுபோய்க் கொட்டவா முடியும்?"

அனுசியா அடங்கிப்போனாள். சோணைமுத்து மாமாவைக் கூட்டிவந்தார்கள். வரும்போதே பதறிக்கொண்டுதான் வந்தார்.

"அவுக்க முடியாதுத்தா. கட்டுறதுக்குத்தான் எனக்கு உத்தரவு. அவுக்குறது கரைக்கிற அன்னைக்குத்தான்."

"நீங்க கட்டும்போதே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"கட்டச் சொன்னவ நீ. மெஷினு ஓடுற சாமானுன்னு எனக்கா தெரியும்? நான் ஏதோ பீரோ மாதிரி நிக்கும்னு நெனச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். அவர் முகம் அப்படி இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நேற்று போலவே சுற்றினார். ஆனால் நேற்று இருந்த உற்சாகம் இல்லை. திடீரென்று நின்றார்.

"மாத்திக் கட்டலாம்" என்றார்.

"எப்படி?"

"காப்புக் கட்டுன வீட்ல தீட்டு கீட்டு விழுந்திருச்சுன்னா என்ன செய்வோம்? காப்ப அறுத்தா எறியுறோம்? அதே வீட்டு ஆளு ஒருத்தரு குளிச்சிட்டு வந்து கைய நீட்டுவாரு. அவருக்கு மாத்திக் கட்டுறது. எங்கய்யா செஞ்சு பாத்துருக்கேன். வாங்குன ஆளு மீதி நாளு பூராம் அந்த விரதத்த இருந்து கழிக்கணும். ஊரு எல்லையத் தாண்டக் கூடாது. வேலைக்குப் போகக் கூடாது. சுமையத் தொடக் கூடாது."

"மெஷினுக்கு எது மாமா வீடு?" என்றாள் அற்புதமேரி.

"எந்த இடத்துல நிக்கிதோ அதுதான்."

எல்லாரும் என்னையும் சங்கரம்மாளையும் பார்த்தார்கள்.

சங்கரம்மாள் கட்டிக்கொள்ள முடியாது. மெஷினை ஓட்டப் பயிற்சிக்குப் போய்வந்தது அவளும் அற்புதமேரியும்தான். அற்புதமேரி ஒருத்தியாக ஓட்ட முடியாது. எங்கள் மகன் செல்வக்குமார் திருப்பூரில் இருக்கிறான். மிச்சம் நான்.

அன்றைக்குக் காலையில்தான் மேஸ்திரி முத்துராஜ் எங்களை வரிசையாக நிற்க வைத்து, சீசன் முடிகிற வரைக்கும் ஒரு நாள்கூட லீவு கிடையாது, லீவு போடுகிறவன் அப்படியே வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். வெளியில் இடம் கேட்டு எத்தனையோ பேர் நிற்கிறார்கள். எனக்கும் வயசு ஏறுகிறது. ஒரு தடவை என் இடம் போனால் திரும்பிக் கிடைக்குமா என்று நிச்சயம் இல்லை.

சங்கரம்மாள் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டு ஏதாவது பேசியிருப்பேன். அவள் சக்கரத்தில் ஒட்டியிருந்த திருநீற்றை விரலால் தொட்டுக்கொண்டு நின்றாள். இந்த மெஷினுக்காக எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றிருப்பாள் என்று நினைத்துப் பார்த்தேன். ஒரு நாள்கூட என் கூலியை நிறுத்திவிட்டு என்னைத் துணைக்குக் கூப்பிட்டது இல்லை.

"குளிச்சிட்டு வாரேன் மாமா" என்றேன்.

ஈர வேட்டியோடு வந்து கையை நீட்டினேன். மாமா நூலை அறுபடாமல் முடிச்சு முடிச்சாக அவிழ்த்து, என் வலது மணிக்கட்டில் சுற்றினார். சக்கரக் கம்பியையும் மெஷின் காலையும் சுற்றியிருந்த நூல், என் கைக்குப் போக மிச்சம் இருந்தது. அதையும் சேர்த்துச் சுற்றினார்.

"ஆத்தா, கேட்டுக்க" என்றார் சத்தமாக. "இனிமே சக்கரம் ஓடட்டும். இவன் உக்காரட்டும்."

பெண்கள் குலவை போட்டார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய் மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, உனக்கென்ன கிறுக்கா? சீசன்ல காப்புக் கட்டுறானாம்."

"எனக்குக் கட்டல மேஸ்திரி. மெஷினுக்குக் கட்டுனது."

"எதுக்கு?"

"மெஷினுக்கு. அத நான் வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"பால்சாமி, குடிச்சிருக்கியா?"

"சாமி சத்தியமா இல்ல மேஸ்திரி."

"நாளைக்கு உன் இடத்துல வேற ஆளு நிக்கும். அப்புறம் வந்து முழிச்சுக்கிட்டு நிக்காத."

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் சுபத்ரா மேடம் வந்துவிட்டார்கள். நடுத்தர வயது. ஜீப்பை விட்டு இறங்கியதும் தண்ணீரைக் குடித்துவிட்டு நேராக ஷெட்டுக்குள் போனார்கள். மெஷினில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தார்கள். லைனைப் பார்த்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஓட்டுங்க" என்றார்கள்.

யாக்கோபு சுவிட்சைப் போட்டான். சக்கரம் ஒரு முனங்கு முனங்கிச் சுற்ற ஆரம்பித்தது. என் மணிக்கட்டு ஏனோ குறுகுறுத்தது. மெஷின் வாய் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அனுசியாவும் அற்புதமேரியும் மூட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். மூட்டை நெஞ்சு வரைக்கும் வந்தது. அதற்கு மேலே ஏறவில்லை. அனுசியாவின் பிடி நழுவியது.

எனக்கு மூட்டை சாய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தெரியாது. கை தானாகப் போய்விட்டது.

"தொடாதீக!" என்று அத்தனை பெண்களும் ஒரே குரலில் கத்தினார்கள்.

மேடம் துள்ளி வாசலுக்கே போய்விட்டார்கள். "என்னம்மா, கரண்டு அடிக்குதா?"

"இல்ல மேடம். அண்ணன் கையில காப்பு இருக்கு" என்றாள் அற்புதமேரி.

மூட்டை தரையில் சரிந்து கிடந்தது. மேடம் வாசலிலேயே நின்றார்கள். சங்கரம்மாள் ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மூட்டையின் வாயை அவிழ்த்துவிட்டாள்.

"மூட்டையோட எதுக்குத் தூக்கணும்? கூடையக் கொண்டாங்கடி."

பெண்கள் வரிசை கட்டினார்கள். அள்ளுகிற கை ஒன்று, வாங்குகிற கை ஒன்று. ஸ்டூலில் ஏறி நின்ற அனுசியா கூடையை வாங்கிக் கொட்டினாள். கண்மாய் வேலையில் மண் கூடை மாற்றிப் பழகியவர்கள். ஒரு மூட்டையைத் தூக்க முடியாத பெண்கள், நான் ஒருத்தன் தூக்கிக் கொட்டுகிற வேகத்துக்குக் கொட்டினார்கள். இத்தனை வருசம் என் முதுகுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று இருந்தது.

பின்பக்கம் உமி பறந்தது. முன்பக்கம் முதலில் உமியும் குருணையுமாகத்தான் விழுந்தது. மேடம் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். சங்கரம்மாளுக்கு முகம் வேர்த்துவிட்டது. "கொஞ்சம் பொறுங்க மேடம்" என்று மெஷினின் பக்கவாட்டில் இருந்த திருகைக் கொஞ்சமாகத் திருகினாள். மறுபடியும் திருகினாள். சத்தம் மாறியது. விழுந்தது. வெள்ளையாக, மணி மணியாக அரிசி விழுந்தது. மேடம் திரும்பவும் ஏந்தினார்கள். இந்தத் தடவை கீழே கொட்டாமல் கையிலேயே வைத்திருந்தார்கள்.

"சரிதான்மா. நல்லா ஓடுது. எழுதிர்றேன்."

எங்கள் எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. போட்டோ எடுக்கும்போது மேடத்தின் பார்வை என் மேல் விழுந்தது.

"இவரு யாரு? வந்ததுல இருந்து கையக் கட்டிக்கிட்டே நிக்கிறாரு?"

"எங்க வீட்டுக்காரரு மேடம். மெஷினுக்குப் பதிலா விரதம் இருக்காரு" என்று சங்கரம்மாள் நடந்ததைச் சொன்னாள். மேடம் சிரித்தார்கள். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பார்த்தார்கள்.

"போன்லயே வெவரமாச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா தள்ளி வச்சிருப்பீகளா மேடம்?"

"முடியாதும்மா" என்றார்கள். "சத்தியமா முடியாது. அதனால நீங்க செஞ்சதுதான் சரி."

போகும்போது, மெஷினில் இருந்து விழுந்த அரிசியில் கொஞ்சம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். எங்கள் முதல் வியாபாரம் அது.

அன்று மத்தியானமே மெஷின் திரும்பவும் ஓட ஆரம்பித்தது. குழுப் பெண்களின் மூட்டைகள் முதலில். சேதி பரவியதும் பக்கத்து ஊர்களில் இருந்து வந்தார்கள். மெஷினைப் பார்க்க வந்தவர்கள் பாதி, மெஷினுக்குப் பதில் விரதம் இருக்கிற ஆளைப் பார்க்க வந்தவர்கள் பாதி. வந்தவர்கள் யாரும் வெறும் கையோடு வரவில்லை. சங்கரம்மாளுக்கு அது போதும்.

நான் ஷெட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் பூராவும் தூங்கினேன். இரண்டாம் நாள் எழுந்தபோது தோள்பட்டையில் ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று தடவிப் பார்த்தேன். வலி குறைந்திருந்தது. சும்மா இருக்கவும் முடியவில்லை. சோணைமுத்து மாமாவிடம் கேட்டேன்.

"சாக்குத் தைக்கலாமா மாமா?"

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "மெஷினு சாக்குத் தைக்குமா?"

"தைக்காது."

"அப்ப அது மெஷினோட வேல இல்ல. கூலியும் வாங்கல. நீ தைக்கலாம். சுமைய மட்டும் தொடாத."

அதன்பிறகு கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்துவிட்டேன்.

காப்பு அவிழ்ப்பதற்கு முந்தின நாள் திருச்சுழிப் பக்கம் இருந்து ஒரு சின்ன வேன் நிறையக் குதிரைவாலி வந்து நின்றது. அத்தனை லோடு ஒரே வண்டியில் அதுவரைக்கும் வந்ததில்லை. வண்டிக்காரன் என் தோளைப் பார்த்ததுமே லோடு ஆள் என்று கண்டுகொண்டான்.

"ஒரு கை குடுங்கண்ணே, எறக்கிருவோம்."

நான் மஞ்சள் நூலைக் காட்டினேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு தானே இறக்கினான். பெண்கள் கூடைகளோடு வெளியே வந்தார்கள். அப்போது என் போன் அடித்தது. மேஸ்திரி முத்துராஜ்.

"ஏலே பால்சாமி, எப்ப அவுக்குறாக?"

"நாளைக்கு மேஸ்திரி."

"நாளான்னைக்கு மொத பஸ்ஸுக்கு வந்துரு. புதுசா வந்த பய இடுப்பப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டான். மூணு லாரி நிக்கிது."

ஒரு வாரத்துக்கு முன்னால் என்றால் சரி மேஸ்திரி என்று அந்த நிமிசமே சொல்லியிருப்பேன். வேனைப் பார்த்தேன். வாசலில் இறங்கிக்கொண்டிருந்த மூட்டைகளைப் பார்த்தேன். இதையெல்லாம் திரும்ப அரிசியாக ஏற்ற வேண்டும்.

"பாக்குறேன் மேஸ்திரி."

"என்னலே பாக்குறேன்?"

"இங்கயும் ஆளு தேவைப்படுது. கேட்டுட்டுச் சொல்றேன்."

போனை வைத்தேன். சங்கரம்மாள் கூடையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு ஆளு தேவைன்னு சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் கேக்குறேன்."

"டவுனு கூலி இங்க வராது. குழுவுல எல்லாரையும் கேக்கணும். நான் மட்டும் முடிவு பண்ண முடியாது."

"கேளு."

அவள் ஷெட்டுக்குள் திரும்பினாள். மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"ஏய் அனுசியா, அற்புதமேரி, செத்த நேரம் மோட்டார நிறுத்துங்கடி. ஒரு ஆளு வேல கேட்டு வந்துருக்காரு."